மச்சம் விழுந்த கல்

பர்கூர் கிரானைட் கம்பெனியில் பாலிஷ் ஆகி வரும் பலகைகளைப் பார்த்துக் கழிப்பது இருபது வருஷமாக என் வேலை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் நான் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்ட கல்லை முதலாளியே வந்தாலும் லாரியில் ஏற்ற மாட்டார். அந்தக் கர்வம் எனக்கு உண்டு.

கல்லில் கறுப்பாகத் திட்டு இருந்தால் அதை மச்சம் என்போம். மச்சம் விழுந்த கல் விலை போகாது. உடைத்து ஜல்லியாக்க கிரஷருக்குப் போகும்.

என் மகள் கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். எனக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்துப் பிறந்த ஒற்றைப் பிள்ளை. ஒரு சனிக்கிழமை மதியம் எனக்குச் சோறு கொண்டுவந்தவள், நான் அப்போதுதான் குறி போட்ட கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றுவிட்டாள்.

"இது அழுக்கு இல்லம்மா. கல்லு குழம்பா கொதிச்சு ஆறினப்ப, அதைவிடப் பழைய கல்லு ஒண்ணு உள்ள மாட்டிக்கிச்சு."

"பழசுன்னா? உங்கப்பன் காலத்துதா?"

சிரித்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை உலகம் உண்டான கதையைச் சொன்னாள். முதலில் எல்லாமே ஒரே நெருக்கமாக, தாங்க முடியாத சூடாக இருந்ததாம். அது விரிந்து விரிந்து ஆறியதாம். பிறகு நட்சத்திரங்கள் உண்டாகி, வயிற்றுக்குள் இரும்பைச் சமைத்து, வெடித்துச் செத்தனவாம். அந்தத் தூசிதான் இந்தப் பூமி, இந்தக் கல், நம் ரத்தத்தில் இருக்கிற இரும்பு.

"அப்ப நீ நட்சத்திரத்துல இருந்து வந்தவ. பத்து மாசம் சுமந்த நான் யாருடி?"

"நீயும் அங்கிருந்துதாம்மா. முன்னாடியே வந்து எனக்கு எடம் புடிச்சு வெச்சிருந்த."

"அதுக்கெல்லாம் முன்னாடி என்ன இருந்துச்சாம்?"

"தெரியாதும்மா. பெரிய படிப்பு படிச்சவங்களுக்கே தெரியாது."

தெரியாது என்பதை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை.

கிளம்பும்போது கேட்டாள்: "பிள்ளைங்களுக்குக் காட்டணும். இந்த மச்சம் இருக்கிற மூலைய மட்டும் கேட்டு வாங்கிக் குடும்மா."

"இங்க ஒரு சில்லுகூட நான் கைநீட்டி வாங்கினதில்ல."

"ஒடைக்கப் போற கல்லுதானே?"

"ஒடைச்சாலும் கேக்க மாட்டேன்."

அவள் மறுபடி கேட்கவில்லை. தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அடுத்த வாரம் காய்ச்சல். ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

காரியம் முடிந்து வேலைக்குப் போன அன்று சூப்பர்வைசர் முன்னால் நின்று அந்தக் கல்லைக் கேட்டேன். இருபது வருஷத்தில் நான் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள்.

"அது அப்பவே கிரஷருக்குப் போயிடுச்சேம்மா," என்றார். "அதே மாதிரி பத்து கெடக்குது பாருங்க. எது வேணுமோ எடுத்துக்கங்க, நானே ஆட்டோவுல ஏத்தி விடறேன்."

அவற்றின் மேல் அவள் கை பட்டதில்லை.

உடைந்து சிதறியதுதான் இன்னொன்றாக ஆகிறது என்பதுபோலத்தான் அன்று அவள் சொன்னாள். படித்தவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். அந்த ஜல்லியும் எந்த ரோட்டிலோ கிடக்கும்.

இன்றும் மச்சம் விழுந்த கல் வருகிறது. சாக்பீஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அவள் வைத்த மாதிரி உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். சில்லென்றுதான் இருக்கிறது. பிறகு குறி போடுகிறேன்.