மாடிவீட்டுக்காரர் சொல்லாமல் விட்டது

துறைமுகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாடிவீட்டுக்காரர் என்பார்கள். கப்பலிலிருந்து பெட்டிகளை இறக்கும் பெரிய கிரேனின் உச்சியில், தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில், ஒரு கண்ணாடி அறை உண்டு. பதினாறு வருஷமாக அவருடைய பகல் முழுவதும் அங்கேதான். "கடல் பாத்த ஜன்னல், பக்கத்து வீட்டுச் சண்டை கிடையாது, கொடுத்து வச்ச மனுஷன்" என்று கீழே நின்று வேலை சொல்லும் சிக்னல்காரர், புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் அலுக்காமல் அறிமுகம் செய்துவைப்பார்.

அந்த வீட்டுக்குத் தரையும் கண்ணாடிதான். நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் குனிந்து, இரண்டு கால்களுக்கும் நடுவே கீழே பார்த்தபடி வேலை செய்ய வேண்டும். இரண்டு கைகளிலும் கிரேனை இயக்கும் பிடிகள். கைக்கு ஓய்வே இல்லாததால், கீழே இருப்பவர்களோடு பேச இடது காலடியில் ஒரு மிதி வைத்திருந்தார்கள். மிதித்தால் அவர் பேசுவது கீழே உள்ள எல்லாருடைய வாக்கி-டாக்கியிலும் கேட்கும். காலை எடுத்தால் அவர்கள் பேசுவது இவருக்குக் கேட்கும். பதினாறு வருஷத்தில் அது உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. வீட்டில் தங்கச்சியோடு போனில் பேசும்போதுகூட, தான் பேசும் முறை வந்தால் இடது கால் தானாகத் தரையை அழுத்தும்.

நிஜ வீடு என்றால் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு அடுப்பு. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அப்படியே நாற்பத்தேழு வயதாகிவிட்டது. தூக்கம் நாலு மணி நேரம் வந்தால் அதிகம். காலையில் ஒரு டீ குடித்தால், அதன்பிறகு சாயங்காலம் இறங்கும்வரை ஒரு வாய் தண்ணீர் கிடையாது. தண்ணீர் குடித்தால் இறங்க வேண்டி வரும். இறங்கி ஏற இருபது நிமிஷம். அதுவரை ஒரு கப்பலும் வரிசையில் நிற்கும் லாரிகளும் அவருக்காகக் காத்திருக்கும். தன்னால் யாரும் காத்திருக்கக் கூடாது என்பதில் அவருக்கு அப்படி ஒரு பிடிவாதம். இரண்டு முறை சிறுநீரகத்தில் கல் வந்தது. லீவு போட்டு, வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, கல் போனதும் மறுபடி ஏறிவிட்டார். தங்கச்சிக்குக்கூடச் சொல்லவில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை நடக்கும். ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தால் கிரேனில் ஏற விடமாட்டார்கள். அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒரு மணி நேரம் முன்பே போய், ஆளில்லாத நடைவழிப் பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்து, ஒன்றிலிருந்து முன்னூறு வரை மெதுவாக எண்ணுவார். உள்ளே போகும்போது அழுத்தம் ஒரு மாதிரி அடங்கியிருக்கும். பிறகு ஒரு படிவம். குடும்பத்தில் யாருக்காவது இருதய நோய் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்பதில் கோடு போடுவார். தந்தை இறந்த காரணம்: விபத்து. பதினாறு வருஷமாக அதே கோடு, அதே சொல்.

இந்த வருஷப் பரிசோதனைக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஒரு பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கிப் பாதி வழி கொண்டுவந்த நேரத்தில் அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. நெஞ்சுக்குள் யாரோ முஷ்டியை வைத்து அழுத்துவது போல இருந்தது. கைகள் பிடிகளின் மேலேயே இருந்தன, ஆனால் அசைய மறுத்தன. முப்பது டன் பெட்டி அந்தரத்தில் நின்றது.

"அண்ணே, பெட்டி தொங்குது. தூங்கிட்டீங்களா?" என்றது சிக்னல்காரர் குரல்.

கைகள் மறுபடி அசைந்ததும் அவர் மிதியை அழுத்தி, கண்ணாடியில் வெயில் அடித்தது என்றார். மாடிவீட்டுக்கு ஒரு திரை தைத்துப் போட வேண்டியதுதான் என்று கீழே யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பெட்டி இறங்கியது. அவர் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இறக்கிவிடுவார்கள். கீழே மனிதர்கள் பக்கத்தில் இருப்பார்கள், சாப்பிட்டாயா, ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்பார்கள். மேலே இருக்கும்வரை அவரை யாரும் எதையும் கேட்டதில்லை. அந்த உயரம் அவருக்குப் பிடித்துப்போனதே அதனால்தான்.

அவர் பேச்சை அடக்கப் பழகியது பதினாலு வயதில். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். ஒன்பது வயதுத் தங்கச்சி பள்ளிக்கூடத்தில். காய்ச்சலுக்காக இவர் வீட்டில் இருந்தார். மத்தியானம் அப்பா வேலையிலிருந்து சீக்கிரமே திரும்பி, சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்தார். நெஞ்சில் கை வைத்திருந்தார். என்னப்பா என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லடா, லேசா வலிக்குது. அம்மாகிட்ட சொல்லிடாத, பயந்துடுவா" என்றார். சரி என்று சொல்லிவிட்டு இவர் பக்கத்து அறையில் கணக்குப் போட உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து அப்பா எழுந்து குளியலறைக்குப் போகும் சத்தம் கேட்டது. பிறகு விழும் சத்தம்.

தலையில் அடிபட்டிருந்தது. தரையில் காலையில் அம்மா துணி துவைத்த சோப்புத் தண்ணீர் கொஞ்சம் இருந்தது. வழுக்கி விழுந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள், அம்மா நம்பினாள். அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால், அத்தனை நேரம் ஏன் யாரையும் கூப்பிடவில்லை என்ற கேள்வி வரும். அதற்கு அந்தப் பையனிடம் பதில் இல்லை. வருஷம் போகப் போக அந்தப் பதில் இன்னும் தூரமாகிப்போனது. அம்மா சாகும்வரை, ஒவ்வொரு முறை குளித்த பிறகும் மண்டியிட்டுத் தரையைத் துணியால் ஒற்றி எடுத்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இவர் வளர்ந்தார். அப்பா போனபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. அந்த வயதைத் தாண்டிய பிறகு, இவருக்குத் தினமும் காலையில் எழுந்ததும் கை தானாக நெஞ்சுக்குப் போகும்.

பரிசோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது சாயங்காலம் தங்கச்சி போன் செய்தாள். அவள் வேறு ஊரில், ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்று விற்பவள். படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்று டாக்டரிடம் போயிருக்கிறாள்.

"வாயுன்னு மாத்திரை கொடுத்திருக்காருண்ணா. வீட்ல யாருக்காச்சும் ஹார்ட் பிரச்சினை இருக்கான்னு கேட்டாரு. அப்பா வழுக்கி விழுந்தாரு, அம்மா சுகர்ல போனாங்க, அண்ணன் கருங்கல்லு மாதிரி இருக்கான்னு சொன்னேன். அவரே சிரிச்சுட்டாரு."

இவர் வாயைத் திறந்தார். இடது கால் தரையை அழுத்தியது. மாத்திரையை ஒழுங்காகப் போடு என்பதுதான் வெளியே வந்தது. அவள் போனை வைத்த பிறகும் கால் தரையிலிருந்து எழவில்லை.

மறுநாள், போனைக் கீழே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்ற விதியை முதல் முறையாக மீறினார். போன் சட்டைப் பைக்குள் இருந்தது. பத்து மணி வரை வேலை செய்தார். லாரியில் ஒரு பெட்டியை வைத்ததும், அடுத்ததற்குப் போகாமல் பிடிகளை விட்டுவிட்டுத் தங்கச்சியைக் கூப்பிட்டார்.

"என்னண்ணா, இந்நேரத்துல? வேலைக்குப் போகலையா?"

"மேலதான் இருக்கேன். குறுக்க பேசாம கேளு. அப்பா வழுக்கி விழல."

அந்தப் பக்கம் கடையின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அன்னைக்கு மத்தியானமே அவருக்கு நெஞ்சு வலி. என்கிட்ட சொன்னாரு. அம்மாகிட்ட சொல்லாதன்னாரு, நானும் சொல்லல. ரெண்டு மணி நேரம் இருந்துச்சு. நான் யாரையாச்சும் கூப்பிட்டிருந்தா…" போனை மறு காதுக்கு மாற்றினார். "எனக்கும் வருது. போன மாசம் பெட்டியோட கை நின்னு போச்சு. வெயில்னு சொல்லி ஏமாத்திட்டேன். உனக்கு வாயு இல்ல. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. எங்க அப்பா ஹார்ட் அட்டாக்ல போனாருன்னு சொல்லு."

"போறேன்" என்று தங்கச்சி ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவர் போனைப் பைக்குள் போட்டு, காலை எடுத்தார். அப்போதுதான், கால் அதுவரை மிதியை அழுத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. கண்ணாடித் தரை வழியே பார்த்தார். ஒரு லாரிகூட நகரவில்லை. ஆட்கள் ஆங்காங்கே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே," என்றார் சிக்னல்காரர். வழக்கமான கேலி எதுவும் அந்தக் குரலில் இல்லை. "பிடியத் தொடாதீங்க. அப்படியே உக்காருங்க. நான் மேல வரேன்."

அவர்கள் கேட்டது இவர் பேசிய பாதியை மட்டும்தான். அதிலேயே எல்லாம் இருந்தது. இறங்கியபோது ஒரு லாரி டிரைவர் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், இவர் நின்றபடியே முழுவதையும் குடித்து முடித்தார். மருத்துவ அறைவரை கூடவே நடந்த சிக்னல்காரர், வாசலில் மட்டும் ஒரு தரம், "வெயில்னு சொன்னீங்களே அண்ணே" என்றார். இவரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்த முறை முன்னூறு எண்ண நேரமில்லை. நர்ஸ் இரண்டு முறை அளந்தார், இரண்டு முறையும் கருவி காட்டிய எண் பயமுறுத்துவதாக இருந்தது. புதுப் படிவம் ஒன்றை எடுத்து, அவர் சொல்லச் சொல்ல நர்ஸே எழுதினார். இனி ஏற வேண்டாம் என்று அன்றே கையெழுத்தாகிவிட்டது. இருதயத்தைச் சோதித்த டாக்டர், இன்னும் கெட்டுப்போகவில்லை, ஆனால் தூக்கமும் தண்ணீரும் இல்லாமல், மனசில் இருப்பதை விழுங்கி விழுங்கி இத்தனை வருஷம் ஓட்டியதன் தேய்மானம் தெரிகிறது என்றார். மாத்திரை கொடுத்தார். கருவிகள் வைக்கும் அறையில் வேலை போட்டார்கள். அங்கே நாள் முழுக்க ஆட்கள் வந்து போனார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் அவர் ஸ்பேனர்களை அளவுவாரியாக மறுபடி மறுபடி அடுக்கினார்.

தங்கச்சி அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். ஒரு ரத்தக்குழாய் முக்கால்வாசி அடைத்திருந்தது. குழாய்க்குள் கம்பிச் சுருள் வைத்துத் திறந்தார்கள். இதெல்லாம் அவள் கணவர் சொல்லித்தான் தெரியும். அவள் போனை எடுக்கவே இல்லை. நாலாவது நாள் இவரே பஸ் ஏறிப் போனார்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உட்கார் என்று சொல்லவில்லை. இவர் நின்றார்.

"அம்மா சாகற வரைக்கும் தரையத் துடைச்சாங்க," என்றாள். "அவங்க தண்ணிய விட்டதாலதான் செத்தாருன்னு நெனச்சே போனாங்க. நான் இன்னமும் துடைக்கிறேன். என் பொண்ணும் துடைக்கிறா."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சும்மா இருந்தியா?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமி ஓய்ந்தார்கள். பிறகு அவள், அப்பா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்றாள். பாப்பா எத்தனை மணிக்கு வருவாள் என்று கேட்டதாக இவர் சொன்னார். அது நிஜம்.

"நீ அவர் கையப் பிடிச்சுட்டு இருந்தியா?"

"இல்ல. பக்கத்து ரூம்ல கணக்குப் போட்டுட்டு இருந்தேன்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் இரண்டு முறை குலுங்கியது. தொடலாமா என்று தெரியாமல் இவர் கையை நீட்டி, பாதியில் மடக்கிக்கொண்டார்.

"இப்ப போண்ணா," என்றாள் திரும்பாமலே. "என்னால இப்ப உன்னப் பாக்க முடியல. நாளைக்குப் பத்து மணிக்கு மேல வா."

சரி என்றார். வெளியே வெயில் கொளுத்தியது. தங்க ஒரு அறை வேண்டும், இந்த ஊரில் அவருக்கு யாரையும் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பக்கத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தவரிடம், இங்கே தங்க இடம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.