முன்னரங்கில் இருந்த கிணறு

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாரி மழை தொடங்க இன்னும் பத்துப் பதினைந்து நாள் இருந்த சமயம். கட்டைபறிச்சான் ஊரைத் தாண்டி, கடல்நீர் ஏறி இறங்கும் களப்பு ஓரமாக உள்ள ஒரு வெளியில் எனக்கு வேலை. போர்க் காலத்தில் அந்த வெளி முன்னரங்காக இருந்தது. நீளத்துக்கு ஒரு மண் அணை, அதை ஒட்டிப் பதுங்குகுழிகள். அணை எழும்பிய நாளிலிருந்து குளத்துத் தண்ணீர் களப்புக்கு இறங்க வழியில்லாமல், ஒரு பக்கம் வயல் அழுகியது, மறுபக்கம் கண்டல் மரங்கள் காய்ந்தன.

கண்ணிவெடி அகற்றுபவர்கள் முழந்தாளில் இருந்து சாண் சாணாகத் தேடி நிலத்தை ஒப்படைத்துவிட்டார்கள். இனி அணையை வெட்டிப் பழைய வாய்க்காலைத் திறந்து, கரையில் மருதும் களப்பு முகத்தில் கண்டலும் நட வேண்டும். அந்த வேலைக்குப் பொறுப்பான தொழில்நுட்ப உத்தியோகத்தர் நான்தான்.

அன்று கடைசி நாள். மண் வெட்டும் பெக்கோ மறுநாள் காலையில் வேறிடம் போயாக வேண்டும். அதை ஓட்டியவர் குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் மனிதர். ஐம்பது வயது, என் வயதுதான்; முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல எல்லோரும் அவரை 'நானா' என்போம். நான் முளைக்குச்சிகள் அடித்து வழி காட்டியிருந்தேன். அவர் பெக்கோவை நகர்த்தத் தொடங்க, பற்றைக்குள்ளால் ஒரு பெண் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். முப்பது வயதிருக்கும். அந்தக் காணி அவருடைய குடும்பத்துடையது.

"சேர், கொஞ்சம் நிப்பாட்டுங்கோ! இதிலதான் எங்கட கிணறு. எங்கயோ கிட்டத்தான் கிடக்கு."

சுற்றிப் பார்த்தேன். புல்லும் முட்பற்றையும் தவிர ஒன்றும் இல்லை. வரைபடத்திலும் கிணறு இல்லை.

"நிலம் துப்புரவாக்கின கடிதம் என்னட்ட இருக்கு, பிள்ளை. கிணறு இருந்திருந்தா அவையள் குறிச்சிருப்பினம்."

"அவை வெடிதானே சேர் தேடினவை? கிணறு தேடேல்லையே."

பத்து நிமிடம் தருகிறேன் என்றேன்.

அவர் புல்லை விலக்கி வீட்டின் அத்திவாரத்தையும் அடுப்படி இருந்த மூலையையும் கண்டுபிடித்தார். "இது குசினி வாசல். இதில இருந்து அறுபத்திரண்டு எட்டு. ஒவ்வொரு நாளும் குடத்தோட எண்ணி எண்ணி நடந்தனான்" என்று சொல்லிவிட்டு, அணைப் பக்கமாக எண்ணிக்கொண்டு நடந்தார். அறுபத்திரண்டில் நின்றார். கூலியாள் ஒருவர் அந்த இடத்தில் இரும்பு அலவாங்கால் குத்திப் பார்த்தார். கெட்டி மண். இடப்பக்கம், வலப்பக்கம், எங்கும் கெட்டி மண்தான்.

அந்தப் பெண்ணின் மீது இரக்கப்பட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் எரிச்சல்தான் பட்டேன். திரும்பி வந்த சனங்கள் பலர் இப்படி மாமரத்தையும் வேலியையும் தேடி அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். நினைவு ஆளை ஏமாற்றும் என்று நினைத்துக்கொண்டு, "நானா, பெக்கோவை எடுங்கோ" என்று கையைக் காட்டினேன்.

அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினார்.

"சேர், என்னயப் பத்தி மேலிடத்துக்கு எழுதுறதெண்டா எழுதுங்க. இந்தத் தங்கச்சி தேடி முடிக்காம நான் எடுக்க மாட்டன். கிணறு இருந்தா அதுக்கு மேல இருக்கப் போறவன் நான்தானே?"

கூலியாட்கள் முன்னால் என் முகம் சுருங்கிப் போனது. அவர் அதைக் கவனிக்காமல் அந்தப் பெண்ணிடம் போனார். "அப்ப உங்களுக்கு எத்தின வயசு, தங்கச்சி?"

"பதின்மூண்டு..." என்றவர் அப்படியே நின்றார். குனிந்து தன் கால்களைப் பார்த்தார். "ஐயோ நானா, அப்ப என்ட எட்டுச் சின்னன்!"

திரும்ப ஓடிக் குசினி வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றினார். குடத்தை வைத்திருப்பதுபோல இடுப்பைச் சரித்து, சின்னச் சின்ன எட்டாக நடக்கத் தொடங்கினார். இந்த முறை வாய்விட்டு எண்ணினார். அறுபத்திரண்டில் அவர் நின்ற இடம், முதலில் நின்றதற்குப் பதினைந்து அடிக்குக் கிட்ட இப்பால் இருந்தது. என் முளைக்குச்சி வரிசைகள் இரண்டுக்கும் நடுவே, பெக்கோ ஏற வேண்டிய வழியில்.

கூலியாள் அலவாங்கை இறக்கினார். இரண்டு குத்து. மூன்றாவது குத்தில் அலவாங்கு அவர் கையை விட்டு முழுவதாக உள்ளே போய்விட்டது. ஒரு கணம் கழித்து, ஆழத்தில் தண்ணீர் அதிர்ந்த சத்தம் கேட்டது.

நானா திரும்பித் தன் இயந்திரத்தைப் பார்த்தார். பெக்கோவின் முன்சில்லு அந்தத் துளையிலிருந்து பத்தடிகூட இல்லை.

எல்லோரையும் பின்னுக்குப் போகச் சொல்லிவிட்டு, வெடி அகற்றும் ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர்கள் வந்து மண்ணை மெல்ல அள்ளியபோது பனங்குற்றிகள் தெரிந்தன. யாரோ கிணற்று வாயின் மேல் வரிசையாக அடுக்கி மண் போட்டு மூடியிருக்கிறார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. குற்றிகள் உக்கி, கையில் எடுத்தால் மாவாகக் கொட்டின. கிணற்றுக்குள் வெடிபொருள் எதுவும் இல்லை. உட்சுவரில் ஒரு கல்கூடக் கழலவில்லை.

வேலை ஏன் பிந்தியது என்று மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள். சாட்டுச் சொல்ல வழி இருந்தது. ஆனாலும், இயந்திரத்தை எடுக்கச் சொன்னவன் நான், மறுத்தவர் அவர் என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். வாய்க்காலின் வழியைக் கிணற்றை விட்டு விலத்தி வளைத்தோம். வேறிடம் போன பெக்கோவை, மழைக்கு முன் வேலையை முடித்துத் தர நானாவே மேலிடத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

அணை வெட்டிய அன்று தண்ணீர் முதலில் சேறாகத்தான் போனது. பின்னேரத்துக்குள் தெளிந்து களப்பைத் தொட்டுவிட்டது. அந்தப் பெண் தன் குடும்பத்தோடு கிணற்றை மூன்று முறை இறைத்து, நான்காம் நாள் ஊறிய தண்ணீரில் எங்களுக்குப் பால் விடாத பிளேன்ரீத் தேநீர் போட்டுத் தந்தார்.

"உப்புக் கரிக்குதோ, சேர்?"

"இல்லை, பிள்ளை. நல்ல தண்ணி" என்றேன்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். கண்டல் கன்றுகள் இடுப்பளவு வந்துவிட்டன. பதுங்குகுழிகள் இருந்த இடத்தில் அந்தப் பெண் கச்சான் கடலை போட்டிருக்கிறார். இப்போதெல்லாம் எந்த வேலைக்குப் போனாலும், அங்கே வாழ்ந்த ஒருவரை முன்னால் நடக்கவிட்டு நான் பின்னால் போகிறேன். என் சொல்லுக்கு ஒரு மனிதர் மறுத்து நின்றதால் தப்பியது அவருடைய உயிர் மட்டுமல்ல, என் மிச்ச வாழ்க்கையின் நிம்மதியும்தான் என்பதை நான் மறக்கவில்லை.