பதினோரு மைல் கார்

அந்தக் கார் என் பேரில் இருந்தது. என்மேல் உள்ள மதிப்பினால் அல்ல. என் கணவர் அரசாங்கத் தொழிற்பள்ளியில் எலக்ட்ரிக்கல் வாத்தியார். அவர் பேரில் வண்டி வாங்கினால் மேலிடத்துக்கு எழுதிப்போட்டு அனுமதி கேட்க வேண்டும். நான் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். என்னை யாரும் கேட்க மாட்டார்கள். அவரும் கேட்கவில்லை. காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பெட்ரோல் விலை ஏறி, தூத்துக்குடியே புலம்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தெருவில் ரொம்பப் புலம்பியவர்கள் சைக்கிள் வைத்திருந்தவர்கள்தான். பெட்ரோல் இல்லாமலே ஓடுகிற காரைத் தன்னால் செய்ய முடியும் என்று என் கணவர் அவர்களிடம் சொல்லிவிட்டார். சொன்னது நாலு பேர் முன்னால் என்பதால் செய்தே தீரவேண்டியதாயிற்று. எஞ்சின் செத்துப்போன ஒரு பழைய சின்னக் காரை வாங்கினார். ஒரு சரக்குக் கிட்டங்கியில் மூட்டை இழுத்துக்கொண்டிருந்த பேட்டரி வண்டி ஏலத்துக்கு வந்தது. அதன் மோட்டாரைக் கழற்றி இதில் மாட்டினார். பின்சீட்டைப் பிடுங்கிப் போட்டு, லாரி பேட்டரிகளை வரிசையாக அடுக்கினார். மிச்சத்தை முன்னால் எஞ்சின் இருந்த இடத்தில் திணித்தார். கார் கர்ப்பிணி மாதிரித் தாழ்ந்து நின்றது. அதில் இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆளுக்கு ஆசை இருந்தால் நடந்து வரலாம்.

கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. அதனால் பெண்பிள்ளைகூட ஓட்டலாம் என்று அவருக்குத் தோன்றியது. நான்தான் அந்தப் பெண்பிள்ளை. தினமும் மில்லர்புரத்துப் பள்ளிக்கூடத்துக்கு நான் ஓட்டுவேன். பக்கத்தில் அவர் மடியில் மீட்டரை வைத்துக்கொண்டு, முள்ளைப் பார்த்தபடியே வருவார். ரோட்டில் போகிற சுகம் ஒன்றும் அவர் கண்ணில் பட்டதில்லை. "மெள்ள மிதி, மெள்ள மிதி" என்பார். மெள்ள மிதித்தால் சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனி ஆடியில் மேல்காற்று எதிரே அடிக்கும்போது காரை ஒரு பெரிய கை பிடித்து நிறுத்தினாற்போல இருக்கும். சார்ஜ் தீர்ந்து நின்றால் இறங்கித் தள்ளுவதும் நான்தான். ஆடுகளுக்கோ இது கார் என்றே தெரியவில்லை. சத்தம் இல்லாததால் நடுரோட்டில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஹாரன் அடித்தால் பேட்டரி இறங்கும் என்று அவர் தடுத்துவிட்டதால், நான் தலையை வெளியே நீட்டி "சூ, சூ" என்று விரட்டிக்கொண்டே வேலைக்குப் போனேன்.

வீட்டில் வேறு கூத்து. சாயங்காலம் சார்ஜ் போட்டால் தெருவில் பல்புகள் மங்கிப்போகும். கரண்ட் போய்விட்டால் மறுநாள் கார் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய் வந்ததும் ஒவ்வொரு பேட்டரியாக மூடியைத் திறந்து காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுவது என் வேலை. அவர் கண்டுபிடித்தவர் அல்லவா, தண்ணீர் ஊற்றலாமா? ஒருநாள் வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன், பின்னால் பிள்ளைகள் கிசுகிசுத்தார்கள். சேலையின் கீழ்ப்பாதி முழுக்க ஆசிட் தெறித்துச் சல்லடையாகி இருந்தது. அன்றைக்குப் பிறகு காருக்கென்று ஒரு பழைய சேலை வைத்துக்கொண்டேன்.

இதற்குள் அவர் பெரிய மனிதர் ஆகிவிட்டார். சாயங்காலமானால் ஆண்கள் வந்து காரைச் சுற்றி நிற்பார்கள். பக்கத்து வீட்டு அண்ணாச்சி, கஸ்டம்ஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர், பானெட்டைத் தட்டிப் பார்த்து, அரேபியாக்காரன் இனி மண்ணைத்தான் தின்னணும் என்பார். அவர் ஒருநாளும் இந்தக் காரைத் தள்ளினது கிடையாது. ஒரு பத்திரிகையில் செய்திகூட வந்தது. ஒரு தடவை சார்ஜ் செய்தால் நாற்பது மைல் போகும் என்று போட்டிருந்தார்கள். படத்தில் நாலு ஆண்கள் காரின்மேல் கை வைத்து நிற்கிறார்கள். நான் அப்போது உள்ளே அவர்களுக்குக் காப்பி கலந்துகொண்டிருந்தேன்.

அந்த நாற்பதைப் படித்துவிட்டு மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய இஞ்சினியர் வருவதாகக் கடிதம் போட்டார். காரைப் பார்க்க வேண்டும், முடிந்தால் அதிலேயே கொற்கைக்குப் போய் வரவேண்டும் என்று எழுதியிருந்தார். முத்துக்குளித்த பழைய துறைமுகம் என்று எங்கோ படித்திருக்கிறார். இப்போது அங்கே வாழையும் வயலும்தான். போகவே பதினைந்து மைலுக்குக் குறையாது. என் கணவர் இரண்டு நாள் தூங்கவில்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் கிளம்பும்போது ஏதாவது வயரைக் கழற்றிவிட்டு, சின்னக் கோளாறு என்று சொல்லி டாக்ஸி பிடிப்பது. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏளா, அவர் கேட்டா நாப்பதுன்னு மட்டும் சொல்லிரு."

நான் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டே இருந்தேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

வந்தவர் ஒல்லியான, அமைதியான மனிதர். இட்லி சாப்பிடும்போது என் கணவரும் அண்ணாச்சியும் மாறி மாறிப் பேசினார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, சட்னி ஊற்ற வந்த என் பக்கம் திரும்பினார்.

"தினமும் ஓட்டுறது நீங்கதானாமே, எவ்வளவு தூரம் போகுதும்மா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். எனக்கு ஞாபகம் வந்தது அந்தச் சேலைதான்.

"பதினோரு மைல். மேல்காத்து அடிச்சா ஒம்பது. அதுக்கு மேல தள்ளணும்" என்றேன்.

அண்ணாச்சி உடனே கைகழுவ எழுந்து போனார். என் கணவர் தட்டைப் பார்த்தபடி இருந்தார். இஞ்சினியர் மட்டும் முகம் மாறாமல், தள்ளுவது யார், எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுகிறீர்கள், மழையில் எப்படி என்று என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு வருஷத்தில் அந்தக் காரைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்ட முதல் மனிதர் அவர்தான். கொற்கைக்கு டாக்ஸியில் போகிறேன் என்று சொல்லிவிட்டு, என்னோடு மில்லர்புரம் வரை காரில் வந்தார். அவரையும் வைத்துக்கொண்டு ஆட்டை விரட்டினேன். "ஊருக்குள்ள போய் வர இது போதுமே, யார் இவங்களை நாற்பதுன்னு சொல்லச் சொன்னது?" என்றார். அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

என் கணவர் எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் வாய் திறந்து, நாக்கை அடக்காத பொம்பளையால் ஒரு பெரிய காரியம் கெட்டது என்றார். "நீங்க சொன்ன பொய்ய நான் ஓட்ட முடியாதுல்லா" என்றேன். அதற்கும் எட்டு நாள் மௌனம். வீடு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் பொய்யாகாது.

பிறகு அவர் காரைத் தொடவே இல்லை. மடியில் மீட்டர் வைத்துக்கொண்டு வருவதும் நின்றது. அண்ணாச்சி வருவது அதற்கு முன்னாலேயே நின்றிருந்தது. நான் மட்டும் ஓட்டினேன். ஹாரனையும் அடித்தேன். ஆடுகள் எழுந்து போயின. ஒரு மைலும் குறையவில்லை. ஆனால் அடுத்த மழைக்காலத்தில் பேட்டரிகள் ஒவ்வொன்றாக வீங்கி வெடிப்பு விட்டன. ஆறு மைல், நாலு மைல் என்று சுருங்கி, கடைசியில் வாசலைத் தாண்டுவதற்கே யோசித்தது. புதுப் பேட்டரிகள் வாங்கலாமா என்று கேட்டேன். அவர் காது கேட்காதவர்போல் ரேடியோவின் முதுகைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஏரல் பக்கத்திலிருந்து ஒரு மாவு மில்காரர் மோட்டாருக்காக அதை வாங்கிப்போனார். லாரியில் ஏற்றுகிற நேரத்தில் என் கணவருக்கு அவசர வேலை வந்துவிட்டது. கூலிக்காரர்களோடு நானும் ஒரு கை போட்டுத் தள்ளினேன். துக்கம் ஒன்றும் வரவில்லை, முதுகுதான் பிடித்துக்கொண்டது.

மறுநாள் டவுன் பஸ்ஸில் போனேன். ஒரே புகை, ஒரே இரைச்சல், நின்றுகொண்டேதான் பயணம். ஆனால் மில்லர்புரம் வந்ததும் யாரும் என்னை இறங்கித் தள்ளச் சொல்லவில்லை.