நாலாவது தலை

சாத்தூருக்குப் போகிற சாலையில் ஒரு காலத்தில் தலையை எண்ணினார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. தீபாவளி சீசனில் பட்டாசு லோடு லாரிகளும் பருத்தி வண்டிகளும் பஸ்களும் காலையில் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு அதிகாரி உத்தரவு போட்டார். காலையும் மாலையும் நெரிசல் நேரத்தில் தார் ரோடு, லோடு ஏற்றிய வண்டிகளுக்கும் நாலு பேராவது சேர்ந்து வருகிற வண்டிகளுக்கும்தான். மற்றதெல்லாம் ஓரத்து மண்பாதையில் இறங்கிவிட வேண்டும். நல்ல உத்தரவுதான், நான் குறை சொல்லவில்லை. ஆட்கள் சேர்ந்து வந்தால் ரோடு காலியாகும் என்று அவர் கணக்குப் போட்டார். யார் யாரோடு சேர்ந்து உட்கார மாட்டார்கள் என்ற கணக்கு அவருக்குத் தெரியாது.

வள்ளித்தாய் அந்த வருஷம்தான் காட்டுவேலையை விட்டு வெளியே வரப் பார்த்தாள். அவளுடைய அம்மா, அம்மாவைப் பெற்றவள் எல்லோரும் ரத்தினசாமி நிலத்தில் களை எடுத்தே முதுகு வளைந்தவர்கள். ஊருக்கும் சாத்தூருக்கும் நடுவில் இருந்த தீப்பெட்டி ஆபீசில், மருந்தில் முக்குவதற்காகக் கட்டையில் தீக்குச்சிகளை வரிசையாக அடுக்க ஆள் எடுத்தார்கள். அங்கே வேலை பார்த்த முருகம்மாள் சொல்லி ஒரு இடம் பிடித்து வைத்திருந்தாள். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை. அதைவிட, மகள் செல்லத்தாயைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த வேண்டியிராது. களை எடுக்கிறவள் பிள்ளையும் களை எடுக்கத்தான் வர வேண்டும் என்பது ரத்தினசாமி வீட்டு வழக்கம்.

ரத்தினசாமி தினமும் சாத்தூர்ப் பருத்திக் கடைக்குப் போகிறவர். வில்வண்டியில் அவரும் வண்டியோட்டி பெத்தணனும் மட்டும்தான். உத்தரவு வந்த வாரமே மழை பெய்து, மண்பாதையில் வண்டி அச்சு வரைக்கும் கரிசலில் புதைந்தது. வேட்டியெல்லாம் சேறாக வந்தவர், வள்ளித்தாயின் புருஷன் இருளாண்டியைக் கூப்பிட்டார்.

"ஏலே, நாளையிலிருந்து நீயும் ஒம் பொண்டாட்டியும் வண்டிகூட வரணும். நானு, பெத்தணன், நீங்க ரெண்டு பேரு. தலை நாலாச்சு."

"அவ தீப்பெட்டி ஆபீசுக்குப் போறதா இருக்காய்யா."

"போகட்டும். குடிசையையும் பிரிச்சுத் தலையில வச்சுக்கிட்டுப் போகச் சொல்லு."

குடிசை அவர் நிலத்தில் இருந்தது. 

மறுநாள் வண்டி போயிற்று. அவர்கள் இரண்டு பேரும் பின்னால் நடந்து போனார்கள். வண்டியில் ஏற்ற ரத்தினசாமிக்கு மனம் வருமா? சாத்தூர் எல்லையில் போலீஸ்காரர் மறித்தார்.

"ரெண்டு பேருதான இருக்கீக?"

"பின்னால வர்றாகல்ல, நம்ம ஆளுகதான்."

"பின்னால நடக்கிறவுகளை எல்லாம் எண்ண முடியாதுய்யா. ஏறி உக்காந்தாத்தான் கணக்கு."

ரத்தினசாமி அன்று மண்பாதையில் போனார். ராத்திரி முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் அவர்கள் இரண்டு பேரும் பின்பலகையில் ஏற வேண்டும். அவர் எழுந்து முன்னால் பெத்தணனை ஒட்டி உட்கார்ந்துகொள்வார். போலீஸ்காரர் எண்ணி அனுப்பியதும் அவர்கள் இறங்கிவிட வேண்டும். பெத்தணன் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பலகையைக் கழுவுவான். ஐயா பழைய இடத்துக்குத் திரும்புவார். பிறகு மாலை வரை அவர்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. திரும்பும்போதும் தலை வேண்டுமே என்று பருத்திக் கடைக்கு வெளியே மரத்தடியில் காத்துக் கிடக்க வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி வரத்தையே பிடுங்கி வைத்துக்கொண்டார்.

தினமும் வள்ளித்தாய் தீப்பெட்டி ஆபீஸ் வாசலைத் தன் சொந்தக் காலால் நடந்து தாண்டினாள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கட்டிப்போட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். வாசலில் நின்ற முருகம்மாள் ஒருநாள் சொன்னாள்: "கணக்கப்பிள்ளை இந்த வாரத்தோட வேற ஆளைச் சேத்துக்கிருவேங்காருடி."

அன்றிரவு வள்ளித்தாய் புருஷனிடம், "நான் நாளைக்கு ஆபீசுக்குப் போறேன். குடிசையைப் பிரிச்சா பிரிக்கட்டும்," என்றாள். அவன் பாயை உதறிப் போட்டுப் படுத்துவிட்டான். சரி என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

விடியுமுன் கிளம்பிப் போய் வேலையில் சேர்ந்தாள். அன்று முழுவதும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குச்சி குத்திக் குத்தி விரல் நுனி எரிந்தது, அதுகூடப் பிடித்திருந்தது. சாயங்காலம் பயந்துகொண்டே வீட்டுக்குப் போனாள். குடிசை அப்படியே இருந்தது. ரத்தினசாமி ஆள் அனுப்பவில்லை. ஐயா மண்பாதையில் போய்ப் பழகிக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்தாள். பாவம், அவளும் மனுஷிதானே, நல்லதாகத்தான் நினைக்கத் தோன்றும்.

மறுநாளும் இருட்டோடு கிளம்பினாள். வெயில் ஏறியதும் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தாள். வில்வண்டி வந்தது. பின்னால் இருளாண்டி தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு செல்லத்தாய் துள்ளித் துள்ளி வந்தாள்.

வள்ளித்தாய் கட்டையைப் போட்டுவிட்டு எழுந்தாள். "இப்ப வெளிய போனா திரும்பி வர வேண்டாம்," என்றார் கணக்கப்பிள்ளை. அவள் போய்விட்டாள்.

ரோட்டில் ஓடிப் பிள்ளையின் கையைப் பிடுங்கினாள். இருளாண்டி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். "போலீசு சின்னப் பிள்ளையையும் எண்ணுவாராம். ஐயா கேட்டுட்டு வந்து சொன்னாக," என்று மட்டும் முனகினான்.

"திரும்பி ஊருக்கு ஓடுத்தா. பள்ளிக்கூடத்துல மணி அடிக்கப் போறாக."

"நான் போக மாட்டேன்."

"ஏன்?"

"அங்கன போனதும் என்னை வண்டியில ஏத்துவாகளாம். நான் வண்டியில ஏறினதே இல்லல்லம்மா."

பிள்ளையை ஒருநாளும் கைநீட்டி அடிக்காத வள்ளித்தாய் அன்று அடித்தாள். செல்லத்தாய் அழுதுகொண்டே ஊரைப் பார்த்து நடந்தாள். வள்ளித்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்தாள்.