ரெண்டு வெரலு பாட்டைக் கம்பெனி பாடியது

பதினொன்று. இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள். ஒரே ஒரு சினிமாப் பாட்டின் மெட்டில் அமிர்தவல்லி தன் காதாலேயே கேட்ட வேறு வேறு பாட்டுகள் பதினொன்று.

அசல் சாதாரணக் காதல் பாட்டுதான். கதாநாயகன் லாரி மேல் நின்றுகொண்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பான். கேள்வி முடிந்ததும் மெட்டு இரண்டு தட்டுக்குச் சும்மா நிற்கும். அந்தக் காலி இடத்தில் கூட்டம் ‘ஹோய் ஹோய்’ என்று கத்தும். இப்படி இடம் விட்டுவைத்த மெட்டை ஊர் சும்மா விடுமா? ஆடி மாதம் வந்தால் அதே மெட்டில் அம்மன் பாட்டு. ஹோய் ஹோய் இருந்த இடத்தில் ‘தாயே தாயே’. தேர்தல் வந்தால் ஓட்டுப் பாட்டு. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை திறந்தால் கடைப் பாட்டு. மாமல்லபுரத்து ரிசார்ட் கல்யாணத்தில் அதையே வயலினில் இழுத்து இழுத்து, பாட்டுக்குக் காய்ச்சல் வந்த மாதிரி வாசிப்பார்கள்.

அமிர்தவல்லிக்கு நாற்பத்து நான்கு வயது. திருக்கழுக்குன்றம் ரோட்டில் வீடு. மறைமலைநகரில் கார்களுக்கு இரும்புப் பாகம் அடிக்கும் கம்பெனியில், பிரஸ் ஷாப்பில், கான்ட்ராக்ட் வேலை. கம்பெனி பஸ்ஸில் ஸ்பீக்கர் ரிப்பேரான நாளிலிருந்து அவள்தான் ஸ்பீக்கர். எந்தப் பாட்டை எவர் திருப்பிப் பாடித் தூக்கி நிறுத்தினார், எவர் கெடுத்துத் தொலைத்தார் என்பதில் அவளோடு வாதாடி ஜெயித்தவர் அந்த பஸ்ஸில் கிடையாது.

“இருக்கறதுலயே எத்துக்கா உனுக்குப் புடிச்சது?” என்று யாராவது வாயைக் கிளறுவார்கள்.

“தனகோடி அண்ணாத்த சாவு ஊர்வலத்துல ட்ரம்பெட்டு ஊதுச்சே, அதான். முன்பல்லு ரெண்டும் கெடையாது. பாதிப் பாட்டு காத்தாவே போச்சு. ஆனா பாடை தூக்கினவன்கூட தோள ஆட்டிக்கினே போனான்.”

“புடிக்காதது?”

“எலெக்‌ஷன் வண்டி. தண்ணி தரோம் தண்ணி தரோம்னு பாடிக்கினு மூணு ரவுண்டு வந்துச்சு. பாட்டுதான் வந்துச்சு. கொழாய்ல ஒண்ணியும் வரல.”

அந்தத் தேர்தல் வண்டியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிய பெருமை கம்பெனியின் ஹெச்.ஆர். அதிகாரி தீனதயாளனுக்கு உண்டு.

அதற்கு முன் ஷபானாவைச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டுக்காரி, அமிர்தவல்லிக்குப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தவள். பிரஸ் மிஷினில் ஒரு சென்சார் உண்டு. கை உள்ளே இருந்தால் மிஷின் இறங்காது. ஆனால் சென்சார் வேலை செய்தால் உற்பத்தி குறையும். ஆகவே ஒயரை மாற்றிக் கட்டிச் சென்சாரைத் தூங்க வைத்திருந்தார்கள். ஒரு நாள் மிஷின் இறங்கியது. ஷபானாவின் வலது கையில் இரண்டு விரல் போனது. ‘கவனக்குறைவு’ என்று எழுதி, அவள் கேட் பாஸையும் வாங்கிக்கொண்டது நிர்வாகம். தூங்க வைத்தவன் கவனக்குறைவு இல்லையாம். அது தூங்கியதால் வெட்டுப்பட்டவள் கவனக்குறைவாம்!

பெண்கள் கேட்டுக்கு முன்னால் வெயிலில் உட்கார்ந்தார்கள். கோஷம் போட்டுத் தொண்டை கட்டிப்போனபோது, அமிர்தவல்லி அந்தச் சினிமா மெட்டை எடுத்தாள்.

“மிஷினு கேட்டுச்சு, இன்னா கேட்டுச்சு?”

காலி இடத்தில் எல்லாரும்: “ரெண்டு வெரலு!”

“மொதலாளி குடுத்தான், யாருத குடுத்தான்?”

“ஷபானா வெரலு!”

அவள் கணக்கில் அது பத்தாவது. நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு வந்தது. சென்சாரை மாட்டுகிறோம், ஷபானாவை எடுத்துக்கொள்கிறோம் என்று தலையை ஆட்டியது. பெண்கள் உள்ளே போனார்கள். இரண்டும் நடக்கவில்லை. நடந்தது ஒன்றுதான்: அந்தப் பாட்டை வார்த்தையோடு பாடினால் மெமோ. ஆகவே பெண்கள் வாயை மூடிக்கொண்டு மூக்கால் பாடினார்கள். லைனில் ம்ம், கேன்டீனில் ம்ம், பஸ்ஸில் ம்ம். காலி இடம் வந்ததும் ம்ம் நிற்கும். இரண்டு தட்டுக்கு யாரும் மூச்சுகூட விட மாட்டார்கள். பிறகு மறுபடி ம்ம்.

தீனதயாளன் அதற்கப்புறம் வேலைக்குச் சேர்ந்தவர். தொழிலாளிகளைப் புரிந்துகொள்வதற்காக ஒரு நாள் கம்பெனி பஸ்ஸில் ஏறினார். ம்ம் கேட்டார். புரிந்துகொண்டுவிட்டார். மறுநாள் அமிர்தவல்லியை ஏ.சி. அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“அமிர்தவல்லிம்மா, நீங்கதான் நல்லா பாடுவீங்களாமே. மாமல்லபுரம் ரிசார்ட்ல நம்ம குடும்ப விழா. தீம் சாங் ஒண்ணு வேணும். உங்க எல்லாருக்கும் அந்த ட்யூன்னா உயிர்னு தெரியும். நானே வரி எழுதிட்டேன். கேளுங்க: காலை மலரும் கனவு எது? எங்க குடும்பம்! கைகள் சேர்ந்து கொடுப்பது எது? எங்க குடும்பம்!”

அமிர்தவல்லிக்குக் காது சூடானது. “சார், அந்த விழாவுக்கு ஷபானாவக் கூப்டுவீங்களா?”

“ஷபானாவா? எந்த டிபார்ட்மென்ட்?”

கிண்டலாகக் கேட்கவில்லை. மனிதருக்கு உண்மையிலேயே தெரியாது. சேர்ந்து ஐந்து மாதமாகியும், தான் ஆளும் ஷாப்பில் ஒருத்திக்கு விரல் போனது ஒரு அதிகாரிக்குத் தெரியாது என்றால், அவருக்குத் தெரியாதபடி அதைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். இப்போது பாட்டையும் துடைக்கப் போகிறார்கள், அதுவும் இவள் குரலாலேயே.

“எனுக்குத் தொண்ட செரியில்ல சார்.”

“பரவால்லம்மா. பொத்தேரி காலேஜ் பசங்க பேண்டு ஒண்ணு இருக்கு. கவர் சாங்கெல்லாம் சூப்பரா பண்றாங்க. அவங்கள வெச்சுக்கறோம். நீங்க எல்லாரும் கோரஸ் மட்டும் குடுத்தா போதும்.”

அன்று சாயங்காலம் அமிர்தவல்லி ஷபானாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். ஷபானா அண்ணன் வீட்டில் இருந்தாள். இடது கையால் வெங்காயம் நறுக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா, என் வெரலுக்கு கிடாரெல்லாம் வாசிக்கப் போறாங்களாமே?” என்று சிரித்தாள். அமிர்தவல்லி சிரிக்கவில்லை. ஷபானாவின் சிரிப்பும் நிற்கவில்லை, ஆனால் குரல் மாறிவிட்டது. “லைன்லேந்து அனுப்ச்சானுங்க. கேட்லேந்து அனுப்ச்சானுங்க. அந்தப் பாட்டுல மட்டும்தான்கா நான் இன்னும் உள்ள இருந்தேன். அதுலேந்தும் வெளிய அனுப்பறானுங்களா?”

விழாவுக்குப் போகாதவர்களுக்கு லீவு வெட்டு என்று போர்டில் ஒட்டியிருந்தார்கள். போனவர்கள் ரெண்டு விரல் என்று வாயைத் திறந்தால் கான்ட்ராக்ட் போகும். ஒருத்திக்குக் கைக்குழந்தை, ஒருத்திக்குக் குடிகாரப் புருஷன், எல்லாருக்கும் அடுப்பு. பஸ்ஸில் அவளே எழுந்து நின்று சொன்னாள்:

“கோரஸுக்கு எவளும் வாயத் தெறக்காதீங்கடி. அவனுங்க வார்த்தையும் வேணா, நம்ம வார்த்தையும் வேணா. கம்முனு துன்னுட்டு வந்துருவோம்.”

“பிரியாணிக்காவது வாயத் தெறக்கலாமாக்கா?” என்றது பின் சீட்டு.

“தெற. பீஸ் இருந்தா எனுக்கும் சொல்லு.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தவளுக்குத் தன் மேலேயே எரிச்சல். வாயை மூடச் சொல்வதற்கா இத்தனை நாள் பாடினோம்?

ரிசார்ட் புல்தரையில் பந்தல். பின்னால் கடல். முன் வரிசையில் மானேஜர்களின் குடும்பங்கள், பிள்ளை குட்டிகளோடு. பின்னால் பிரஸ் ஷாப், லைன் லீடரையும் சேர்த்து அறுபத்து மூன்று பெண்கள். மேடையில் கிடாரோடு ரோஹித் என்கிற பையன், மைக்கோடு சுஷ்மிதா என்கிற பெண். நல்ல குரல்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த மெட்டை, குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி, கண்ணை மூடி, காற்றோடு கலந்து, பாதி வேகத்தில் பாடினாள். ஓடிக்கொண்டிருந்த பாட்டைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளினாள். தனகோடியின் பல் போன வாயில் இருந்த உயிரில் கால்வாசி இல்லை. அமிர்தவல்லியின் கணக்கில் பதினொன்றாவது பாட்டு இதுதான்.

“காலை மலரும் கனவு எது?”

காலி இடம். பாதி வேகப் பாட்டில் அந்த இடமும் இரண்டு மடங்கு நீளம். யாரும் வாயைத் திறக்கவில்லை. தீனதயாளன் மட்டும் ஓரத்தில் நின்று “எங்க குடும்பம்” என்றார். அவருக்கு மட்டும்தான் கேட்டது.

“கைகள் சேர்ந்து கொடுப்பது எது?”

மறுபடியும் காலி இடம். அமிர்தவல்லி பல்லைக் கடித்துக்கொண்டாள். மாதக்கணக்கில் அந்த இடத்தில் மூச்சை நிறுத்திப் பழகிய கூட்டம் அது. ஆனால் இவ்வளவு நேரம் நிறுத்திப் பழகவில்லை.

“ரெண்டு வெரலு!”

சொன்னது ராஜம். லைன் லீடர், பர்மனென்ட். கேட்டுக்கு முன்னால் ஒரு நாள்கூட உட்காராதவள், வார்த்தையோடு பாடியவளுக்கெல்லாம் மெமோ எழுதிக் கொடுத்தவள். வாயில் பிரியாணி. சொல்லிவிட்டு, யார் சொன்னது என்று தானே திரும்பிப் பார்த்தாள்.

பக்கத்தில் ஒருத்திக்குச் சிரிப்பு பீறிட்டது. அடுத்த கேள்விக்குப் பத்து பேர். அதற்கடுத்த கேள்விக்குப் பந்தல் முழுவதும்.

“ரெண்டு வெரலு!”

சுஷ்மிதாவுக்கு ஒரே சந்தோஷம். கூட்டம் சேர்ந்து பாடினால் எந்தப் பாடகிக்குத்தான் இருக்காது? மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். “வாவ்! இன்னும் சத்தமா!” என்றாள். ரோஹித் வேகத்தைக் கூட்டினான். முன் வரிசையில் மானேஜர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக் குதித்தன. அவர்கள் அம்மாக்களும் கைதட்டினார்கள். தீனதயாளனும் தட்டினார், பிளான்ட் ஹெட்டின் முகத்தைப் பார்க்கிற வரைக்கும்.

ஸ்பீக்கரை அணைத்தார்கள்.

மைக் செத்தது. கடல் சத்தம் மட்டும். இதோடு விட்டிருந்தால் எல்லாம் தமாஷாகப் போயிருக்கும். ராஜம் தட்டைக் கீழே வைத்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள், அழுகிறவள் மாதிரி.

அமிர்தவல்லி எழுந்தாள். மைக் இல்லாமல், அசல் வேகத்தில், கேட்டில் பாடிய தொண்டையில் எடுத்தாள்.

“மொதலாளி குடுத்தான், யாருத குடுத்தான்?”

“ஷபானா வெரலு!”

பிளான்ட் ஹெட்டின் மனைவி கைதட்டுவதை நிறுத்தினார். பெயர் என்று வந்துவிட்டால் தமாஷ் இல்லை. யார் ஷபானா என்று அவர் புருஷனைக் கேட்டது மூன்று வரிசை வரைக்கும் கேட்டது. புருஷன் கடலைப் பார்த்தார்.

தீனதயாளன் ஓடி வந்தார். “அமிர்தவல்லிம்மா, குழந்தைங்கல்லாம் இருக்காங்க. உட்காருங்க.”

“கொயந்தைங்க கேக்கட்டும் சார். அந்தப் புள்ளைங்க தூக்கிக் காட்டுச்சே ரெண்டு வெரலு, அத்தான் உன் மிஷினு துன்னுச்சு. அவளுக்கும் ஒரு கொயந்த கீது. சோறு பெசஞ்சு ஊட்ட அவளுக்கு வெரலு கெடையாது.”

“அதெல்லாம் எனக்கு யாரும் சொல்லலம்மா.”

“நாங்க சொல்லிக்கினுதான இருந்தோம்? பஸ்ஸுல உன் காதாண்டயே சொன்னோம். நீ ட்யூன மட்டும் எடுத்துக்கினு போய்ட்ட.”

மேடையிலிருந்து இறங்கி வந்த சுஷ்மிதா திருதிருவென்று விழித்தாள். “அக்கா, சாரி. எனக்கு வரியெல்லாம் அவங்கதான் அனுப்பினாங்க. இது உங்க பாட்டா?”

“எம்பாட்டு இல்ல கண்ணு. சினிமாக்காரன் பாட்டு. அத்த எவன் வோணா பாடலாம். நீ நல்லாத்தான் பாடற. யாருக்காவ பாடறன்னு ஒரு வார்த்த கேட்டுட்டுப் பாடு.”

திரும்பும் பஸ்ஸில் ஒருத்திகூட மூக்கால் பாடவில்லை. வார்த்தையோடு பாடினார்கள். கல்பாக்கம் ரோட்டில் வந்த மீன் வண்டிக்காரன் ஒதுங்கி நின்று பார்த்தான். ராஜம் ஜன்னல் ஓரத்தில், யாரோடும் பேசாமல், காலி இடம் வரும்போது மட்டும் வாயைத் திறந்தாள்.

திங்கட்கிழமை காலை ஷிப்ட். மணி அடித்தது. பிரஸ் ஷாப்பில் மிஷின் ஒன்றும் இறங்கவில்லை. தீனதயாளன் சூப்பர்வைசரோடு வந்தார். உட்காருங்கள் என்றார், முதலில் மரியாதையாக, பிறகு மரியாதை இல்லாமல்.

“சென்சார மாட்டு. ஷபானாவக் கூப்டு. அப்பால உக்கார்றோம்,” என்றாள் அமிர்தவல்லி.

“எத்தனை பேர் இப்படி நிக்கறீங்க?” என்று கத்தினார். சூப்பர்வைசர் எண்ணினான்.

அறுபத்து மூன்று.