விட்பி வீட்டைப் பார்த்து வாங்கிய வீடு

பேர்ணடெற் அஜக்ஸில் வீடு வாங்கியதற்குக் காரணம், கணவன் அன்புராசாவின் தங்கை கரோலின் பக்கத்து ஊரான விட்பியில் வாங்கியிருந்ததுதான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கரோலினின் புது வீட்டைப் பாதிரியார் செபம் சொல்லி மந்திரித்த அன்று பேர்ணடெற் மேலும் கீழும் நடந்து படுக்கையறைகளை எண்ணினாள். நான்கு. குசினி நடுவே பளிங்குக் கல் போட்ட பெரிய சமையல் மேசை. ஸ்காபரோவில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் பதினாறு வருடமாக நின்று வேலை செய்தும், அவள் இன்னும் வாடகை அப்பார்ட்மென்டில்தான் இருந்தாள்.

2022 தொடக்கத்தில் விலை உச்சியில் நின்றபோது, கட்டிவந்த சீட்டுப் பணத்தை எடுத்து, நகையை விற்று, மாறும் வட்டியில் கடன் எடுத்து அஜக்ஸ் வீட்டை வாங்கினாள். அதிலும் நான்கு அறை. வட்டி ஏறியது. வீட்டு விலை இறங்கியது. அன்புராசாவின் ட்ரக் வேலையும் பாதியாகக் குறைந்தது. பேஸ்மென்டை வாடகைக்கு விட்டும் தவணை கட்ட முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து கரோலின் விட்பி வீட்டை விற்றுவிட்டு ஸ்காபரோவில் சின்னக் கொண்டோ அடுக்குவீடு ஒன்றில் வாடகைக்குப் போனாள். பெரிய வீட்டைப் பராமரிக்க முடியவில்லை என்றாள். நல்ல லாபம் எடுத்துக்கொண்டு தப்பிவிட்டாள் என்று பேர்ணடெற் நினைத்தாள். வாங்கியபோதும் அவளுக்கு அதிர்ஷ்டம், விற்றபோதும் அவளுக்கே என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

மூன்று தவணை தவறிய பிறகு வங்கியின் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. குறித்த நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் வங்கியே வீட்டை விற்கும். வீட்டுத் திறப்புக்கொத்தை வங்கியிடமே கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்றார் அன்புராசா. தங்கைக்கும் அவரே சொல்லிவிட்டார். அடுத்த நாள் கரோலின் ஒரு ஃபைலோடு வந்தாள். பேர்ணடெற் மனமில்லாமல் தேநீர் வைத்தாள்.

"மச்சாள், நான் லாபத்துக்கு விக்கேல்லை. எங்களுக்கும் உந்தக் கடிதம் வந்தது."

வங்கி விற்றால் வழக்கறிஞர் செலவு, பூட்டு மாற்றும் செலவு எல்லாம் கடனோடு சேரும், விலையும் குறையும் என்று கரோலின் விளக்கினாள். அதற்கு முன் நாமே வாங்குபவரைத் தேடி, அவர் தரும் விலை கடனைவிடக் குறைவாக இருந்தாலும் அதற்கு வங்கியின் சம்மதத்தைக் கேட்கலாம். அதைத்தான் ஷோர்ட் சேல் என்பார்கள். சம்மதிப்பதும் விடுவதும் வங்கியின் விருப்பம். சம்பளத் துண்டு, வருமானவரிப் பத்திரம், ஏன் கட்ட முடியவில்லை என்ற கடிதம் எல்லாம் கொடுக்கவேண்டும்.

"மிச்சக் கடனை வங்கி என்ன செய்யப்போகுது எண்டு எழுத்தில வாங்குங்கோ. இல்லாட்டி வீடு போன பிறகும் துரத்துவாங்கள். கையெழுத்து வைக்க முதல் எங்கட லோயரிட்ட காட்டுங்கோ."

கரோலினும் விழுந்திருக்கிறாள் என்பதில் பேர்ணடெற்றுக்கு முதலில் வந்தது ஆறுதல். உடனே கேட்டாள்:

"உனக்கு எவ்வளவு துண்டு விழுந்தது?"

"நாப்பத்திரெண்டாயிரம்."

தனக்கு எழுபதாயிரத்துக்கு மேல் வரும் என்று அவளுக்குத் தெரியும். நட்டம் குறைவு என்பதிலும் கரோலின்தான் முன்னுக்கு. அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

"உன்ர வீட்டைப் பார்த்துத்தான் நான் இதை வாங்கினனான்" என்றாள்.

கரோலின் கோப்பையை வைத்தாள். "நான் எங்கட பேபி அன்ரியின்ர பெரிய வீட்டைப் பார்த்து வாங்கினனான், மச்சாள்."

வீட்டை விற்பனைக்குப் போட்டார்கள். முதலில் வந்த விலையை வங்கி மறுத்தது. ஆறு வாரம் கழித்து வந்ததை ஏற்றுக்கொண்டது. மிச்சக் கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்துவிட்டு, மீதியை மாதத் தவணையாகக் கட்ட எழுத்தில் சம்மதித்தது. ஐப்பசியில் அவர்கள் ஸ்காபரோவில் இரண்டு அறை அப்பார்ட்மென்டுக்கு வந்தார்கள். சாமான் ஏற்றக் கரோலினும் வந்து நின்றாள்.

பேர்ணடெற் இப்போதும் தவணை கட்டுகிறாள். கரோலினின் மிச்சக் கடன் வரும் சித்திரையோடு முடிகிறது. தனக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது என்பதை அவளால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.