சீட்டுக் கம்பியில் இரண்டு கோடுகள்

எங்கள் சைக்கிளின் சீட்டுக் கம்பியில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. இரும்பு அறுக்கும் பிளேடால் என் வீட்டுக்காரர் போட்டவை. மேலே இருப்பது என்னுடையது, கீழே இருப்பது அவருடையது. எனக்காகச் சீட்டை இறக்கினால் அவர் கோடு குழாய்க்குள் போய் மறைந்துவிடும். அவருக்காக உயர்த்தினால்தான் இரண்டும் வெளியே தெரியும்.

தொண்ணூற்றெட்டு வாக்கில் எனக்குக் கொல்லிமலையில், குண்டனி நாட்டில், கிராம நர்ஸ் வேலை கிடைத்தது. அவருக்கு அடிவாரத்தில், காரவள்ளியில், கொஞ்சம் தோட்டமும் இரண்டு மாடும். கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகவில்லை. திங்கள் காலை முதல் பஸ்ஸில் ஏறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவேன். ஒரு சைக்கிளுக்குத்தான் வசதி இருந்ததால், எல்லா ஓட்டத்துக்கும் பொருந்துகிற ஒன்றாக வாங்கிவிடலாம் என்று சேந்தமங்கலத்துக் கடைக்குப் போனோம். தீவனக்கட்டு தாங்க வேண்டும், பால் கேன் மாட்ட வேண்டும், மலைக் கல்லில் டயர் நிற்க வேண்டும், என் சேலை சிக்கக்கூடாது, நாங்கள் இரண்டு பேரும் கோயிலுக்குப் போக வேண்டும் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். கடைக்காரர் சிரித்துவிட்டார். “அப்படீன்னா உங்களுக்குக் குதிரைதானுங்க வாங்கோணும்.”

பொம்பளை வண்டியில் பாரம் ஏற்றினால் சட்டம் ஆடும் என்று கடைக்காரர் எவ்வளவோ சொன்னார். இவர் கேட்கவில்லை. குறுக்குக் கம்பி இல்லாத வண்டியாக எடுத்து, தடித்த டயரும் பெரிய கேரியரும் போடச் சொன்னார். ஊரில் கேலி செய்யாத ஆள் இல்லை. “பாலுக்குத் தெரியுமா எந்த வண்டில வருதுன்னு?” என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்கு மிதிப்பார்.

வாரம் முழுக்க வண்டி என்னோடு மலையில், சனி ஞாயிறு அவரிடம் என்று ஏற்பாடு. முதல் திங்கட்கிழமை அவர் உயரத்திலேயே சீட் இருந்துவிட்டது. பஸ் கூரையிலிருந்து இறக்கிய கையோடு ஏறி உட்கார்ந்தேன். கால் எட்டாமல் சரிந்து விழுந்து முட்டி கிழிந்தது. அந்த வாரக் கடைசியில்தான் அவர் கோடு போட்டார். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறு சாயங்காலமும் ஸ்பேனரை எடுத்து, சீட்டை என் கோட்டுக்கு இறக்கி வைப்பார். விடிந்ததும் பஸ் கூரையில் ஏறி, கயிறு போட்டுக் கட்டிவிட்டு, கண்டக்டரின் முணுமுணுப்பையும் கேட்டுக்கொண்டு இறங்குவார். அதற்குப் பிறகு வாரம் முழுக்க பால் கேனைத் தூக்கிக்கொண்டு நடை. “உங்களுக்கு ஒரு வண்டி வேண்டாமாங்க?” என்று கேட்டால், “நீ ஏறற ஏத்தத்துக்கு இது ஒன்னுமில்ல புள்ள” என்பார்.

மலையில் பாதி நேரம் நான்தான் அதைத் தள்ளினேன். பெரிய இறக்கம் வந்தால் பிரேக்கை நம்ப முடியாது. தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிய கேரியருக்குப் பின்னால், தரையில் இழுபடும்படி ஒரு மரக்கொப்பைக் கயிற்றில் கட்டிக்கொள்ள வேண்டும். மலைக்காரர்கள் சொல்லிக் கொடுத்த வழி அது. “நர்சம்மாவுக்கு வாலு முளைச்சிருச்சு!” என்று தினை அறுக்கிற பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பொழுது சாய்ந்து குவார்ட்டர்ஸ் கதவைச் சாத்தியபின் பேச ஆள் இருக்காது. சைக்கிளை உள்ளேயே நிறுத்திக்கொள்வேன். கீழே இறங்க மாறுதல் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தேன். இன்னும் ஒரு வருடம், இன்னும் ஒரு வருடம் என்றே எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன.

நாலாவது வருட ஐப்பசி மழையில், ஒரு புதன்கிழமை, பஸ் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். “ஏனுங்க நர்சம்மா, ஊட்டுக்காரருக்கு மேலுக்குச் சொகமில்லையாம். கெளம்புங்க.” டிரைவரின் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் பஸ் மெதுவாகத் திரும்பத் திரும்ப, எனக்கு அந்த மலையின் மேலேயே ஆத்திரம் வந்தது. தோட்டத்தில் மடை திருப்பப் போனவர் வரப்பிலேயே சாய்ந்திருக்கிறார். நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

அடுத்த பங்குனியில் மாறுதல் வந்தது. யாருக்கு வேண்டும் அது? சைக்கிளைக் கீழே கொண்டுவந்தபோது சீட் என் கோட்டில் இருந்தது. கடைசி ஞாயிறு அவர் இறக்கி வைத்தது. யாரையும் தொட விடவில்லை. அதே சீட்டில் உட்கார்ந்து பல வருடம் வேலைக்குப் போனேன். கேரியரில் மருந்துப் பெட்டி இருந்தது. கோயிலுக்குத் தனியாகத்தான் போனேன்.

போன வருடம் பஞ்சர் ஒட்டுகிறவர், “அப்பப்ப ஏத்தி எறக்குங்கம்மா, இல்லீன்னா துருப்புடிச்சு அப்படியே நின்னுக்கும்” என்றார். மனசில்லாமல்தான் ஸ்பேனரை எடுத்தேன். சீட்டைத் தூக்க முடியாமல் தூக்கினேன். வெயிலும் மழையும் பட்டு என் கோடு தேய்ந்திருந்தது. அவருடையது உள்ளே கிரீசில் இருந்ததால், நேற்று அறுத்தது போல இருந்தது. அதை விரலால் தடவிக்கொண்டு மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது சனிக்கிழமை சாயங்காலம் சீட்டை அவர் கோட்டுக்கு உயர்த்தி வைக்கிறேன். ஒருநாள் முழுக்க அப்படியே நிற்கும். ஞாயிறு சாயங்காலம் இறக்க வேண்டும். அது அவர் வேலை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு நானே இறக்குகிறேன்.